ஊட்டு-2

நாலு துளை யு.எஸ்.பி. ஹப்பில் செருகியிருந்தது ஒரே ஒரு வயர். கம்ப்யூட்டரின் பட்டியலிலோ அந்த ஹப்பின் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன.

மதியம் ஒன்றரை மணி. ஆடி மாதக் கர்க்கடக மழை விடிந்ததிலிருந்து கரமனை அக்கிரகாரத்தை ஊறப்போட்டு வைத்திருந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிற, ஜன்னலே இல்லாத நடுக்கூடத்தில் பகலிலும் டியூப்லைட் எரிந்தது. கயிற்றில் மூன்று நாளாகக் காயாத வேட்டிகளின் முடைநாற்றம், டெட்டால், ஆற்றுப் பக்கமிருந்து ஓடைவழியே ஏறி வந்த சேற்று வாடை, இதற்கெல்லாம் அடியில் அப்பாவுக்குக் கொடுக்கிற மாவுக் கரைசலின் திகட்டுகிற வெனிலா மணம், எல்லாம் சேர்ந்து மூக்குக்குள் பிசுக்காக ஒட்டிக்கொண்டது. எட்டு மாதமாக விஷ்ணுப்ரியா இந்தக் கூடத்து மூலையில் உட்கார்ந்துதான் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி வேலையைப் பார்த்துவருகிறாள். எதிரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா பஞ்சாபகேசன். பக்கவாதத்தில் வலப்பக்கம் போய், பேச்சு போய், விழுங்குகிற சக்தியும் போய், இடது கண் மட்டும் மிச்சமாகப் படுத்திருக்கிறவர்.

அவருக்கு வாய் இனி எதற்கும் உதவாது. தொப்புளுக்கு மேலே வயிற்றைத் துளைத்து ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதில் சின்ன பம்ப் ஒன்று மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் கரைசலை உள்ளே தள்ளும். வாயோரத்தில் இன்னொரு குழாய், பல் டாக்டர் மாட்டிவிடுகிற மாதிரி. அதன் மோட்டார் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கொரகொரவென்று எச்சிலை உறிஞ்சிக் கட்டிலடி பாட்டிலில் சேர்க்கும். இரண்டையும் சரியான நேரத்துக்கு ஓட்டுவது கட்டிலோரம் இருக்கிற, சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு கம்ப்யூட்டர். அதை வாங்கிப் பூட்டி, புரோகிராம் எழுதினதெல்லாம் விஷ்ணுப்ரியாதான். ஊரில் எல்லோருக்கும் அதில் பெருமை. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, சித்திரை மாதம் வரைக்கும்.

கம்ப்யூட்டர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எந்தச் சாதனம் முதலில் வந்து ஒட்டிக்கொள்கிறதோ அதற்கு முதல் நம்பர், அடுத்து வந்ததற்கு அடுத்த நம்பர். ஆள் யார், வேலை என்ன என்றெல்லாம் பார்க்காது. சித்திரையில் ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது பம்பும் மோட்டாரும் வரிசை மாறி விழித்துக்கொண்டன. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எச்சிலை உறிஞ்சு என்ற உத்தரவு நேரே பம்புக்குப் போயிற்று. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கரைசல் வயிற்றுக்குள் இறங்க, நிரம்பி, மேலே எதுக்களித்து, நுரையீரலுக்குள் போய், ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார் மனிதர். இன்னொரு தடவை இப்படி வந்தால் மீட்க முடியாது என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு ராத்தூக்கம் கிடையாது; பட்டியலைப் பார்ப்பதே ஜபமாகிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாய் ஒரு பெயர் வைத்துவிட்டால் வரிசை மாறினாலும் பாதகமில்லை. அதற்கு விதி எழுதலாம். உள்ளே பொறித்திருக்கிற வரிசை எண்ணை வைத்து அடையாளம் காணலாம் என்று பார்த்தால், இரண்டிலும் ஒரே எண். மலிவுச் சரக்கின் லட்சணம். சரி, எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அந்தத் துளையை வைத்துப் பெயர் கொடுக்கலாம் என்று எழுதினாள். அதை அம்மா சீதாலக்ஷ்மி ஒரே நாளில் கவிழ்த்தாள். அப்பாவுக்கு ஊட்டி முடிந்ததும் பம்பின் வயரைப் பிடுங்கி, பம்பையும் மேஜையையும் ஈரத்துணியால் எச்சிலிட்டுத் துடைத்து, மறுபடி கைக்கு வாகான துளையில் செருகி வைப்பாள். இலை போட்டுச் சாப்பிட்ட இடத்தைத் துடைக்காமல் விடுகிற வீடா இது? வேளைக்கு ஒரு துளையில் இருந்தது வயர்.

அம்மாவோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. அதனால் விஷ்ணுப்ரியா கடைசியில் அலுத்துப்போய் ஒரு சோம்பேறி விதி எழுதினாள். எச்சில் மோட்டார் கம்ப்யூட்டரின் முதுகில் அசையாமல் இருக்கும். அதன் பெயர் ‘உறிஞ்சு’. கட்டிலோர ஹப்பில் எந்தத் துளையில் எது வந்தாலும் சரி, யாரென்று கேட்காதே, ‘ஊட்டு’ என்று பெயர் கொடு. அனுமதி? எல்லோருக்கும் கொடு. யாரும் அதிலிருந்து எடுக்கலாம், யாரும் அதற்குள் போடலாம். நர்ஸ் சுஜாவின் போனிலிருந்தும் அம்மாவின் டேப்லெட்டிலிருந்தும் பட்டனை அமுக்க வேண்டியிருந்ததே, அதற்காக. நாளைக்கு ஒழுங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று படுத்தவள், மூன்று மாதமாக மாற்றவில்லை.

இப்போது பட்டியலில் ஹப்பின் கீழே ஊட்டு-1, ஊட்டு-2 என்று இரண்டு வரி.

குனிந்து ஹப்பைப் பார்த்தாள். முதல் துளையில் பம்பின் வயர். மற்ற மூன்றும் காலி. நாலாவது துளை மட்டும் டியூப்லைட் வெளிச்சத்தில் மினுங்கியது. விரலை வைத்தாள். ஈரம். வெறும் தண்ணீர் இல்லை. விரலை எடுத்தபோது மெல்லிய கோழை இழை ஒன்று கூடவே நீண்டு வந்து, தொங்கி, அறுந்தது. முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. இரண்டு நாள் கழுவாமல் மூடி வைத்த டிபன் கேரியரைத் திறந்தால் வருமே, அந்த வாடை. கையைப் பாவாடையில் துடைத்து, போதாமல் முற்றத்துக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

“அம்மா! ஹப்பை ஈரத்துணியால தொடைச்சியா? எத்தனை தடவை சொல்லியாச்சு!”

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மடிசார்த் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

“பன்னண்டு மணிக்கு எச்சிலிட்டதோட சரி, அப்பறம் நான் அந்தப் பக்கமே வரலே, கேட்டியா. துணியை நன்னாப் பிழிஞ்சாக்கும் தொடைக்கறது. இத்தனை மாசத்துல ஒருநா சொட்டித்தா?”

“அப்போ இந்த ஈரம் எங்கேந்து வந்தது?”

“என்கிட்டே கேட்டா? மழைக்காலம், சொவரே வேர்க்கறது.”

விஷ்ணுப்ரியா திரும்பி வந்து ஊட்டு-2 பற்றிய விவரத்தைத் திறந்தாள். எந்தச் சாதனமும் ஒட்டிக்கொண்டதும் தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்: செய்தவர் யார், எண் என்ன, எத்தனை கரண்ட் வேண்டும். இதில் செய்தவர் பெயர் காலி. எண் காலி. வந்த நேரம் மட்டும் இருந்தது, பன்னிரண்டு நாற்பது. வேண்டிய கரண்ட் நூறு மில்லி ஆம்பியர் என்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூற்றைம்பது ஆயிற்று.

ஹப் கெட்டுவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஈரம் இறங்கினால் இப்படித்தான் உளறும். சாயங்காலம் கிழக்கேகோட்டையில் போய்ப் புதுசு வாங்கிவிடலாம். அப்படி நினைத்துக்கொண்டே, விரலை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பையும் மீறி அந்த வாடை அங்கேயே இருந்தது.

“அக்கா! ஒண்ணு இங்க வாங்க. வேகம் வாங்க!”

சுஜாவின் குரல். பாறசாலைக்காரி, முப்பது வயது, மலமும் சலமும் ரத்தமும் பார்த்துப் பழகினவள். அவள் குரல் நடுங்கி விஷ்ணுப்ரியா இதுவரை கேட்டதில்லை. கட்டிலடியில் குத்தவைத்து எச்சில் பாட்டிலைக் கையில் பிடித்திருந்தாள். பிடித்திருந்தாள் என்பதைவிட, உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டியிருந்தாள்.

“காலைல நான் கழுவி வச்ச பாட்டிலாக்கும். இதப் பாருங்க.”

வழக்கமாக அதில் நுரைத்த எச்சில் நாலு விரல் உயரத்துக்கு நிற்கும். அதுவே பார்க்க லட்சணமாக இருக்காது. இன்று கழுத்துவரை நிரம்பியிருந்தது. சோறு. மென்று, கூழாக்கி, துப்பின சோறு. கண்ணாடியோரம் மாங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை ஒன்று பல்லில் நசுங்கின தடத்தோடு மெதுவாக மேலே மிதந்து வந்து, புரண்டு, அடியில் போயிற்று. அந்தப் பாட்டில் சூடாக வேறு இருந்தது.

“ஐயோ கருமமே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் விஷ்ணுப்ரியா.

“ஸாருக்கு நாக்கில ஒரு சொட்டு வெள்ளம்கூட வைக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கு. யாரு சோறு கொடுத்தது?”

அம்மா அதற்குள் வந்து நின்றுவிட்டாள். “என் மூஞ்சியைப் பார்க்கறியே? சோறு கொடுத்து அவரைக் கொல்லணுமா நான்? இன்னும் நானே சாப்பிடலேடி. வடிச்ச சோறு வடிச்சபடி உருளில இருக்கு.”

“கொடுத்தாலும் ஸார் சவைக்க முடியாதே மாமி. வாயில பல்லு இல்லியே!”

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அலமாரியைப் பார்த்தார்கள். அப்பாவின் பல்செட், பக்கவாதம் வந்த நாளிலிருந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரில் கிடந்தது. எறிய மனசில்லாமல் அம்மா அப்படியே வைத்திருந்தாள். சுஜாதான் கிண்ணத்தை எடுத்தாள். தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. ஈறுகளின் சிவப்புப் பிளாஸ்டிக் இடுக்கில் பருக்கைகள். கடைவாய்ப் பல்லில் மாங்காய் நார் சுற்றியிருந்தது, இப்போதுதான் எழுந்து கைகழுவப் போனவர் பல்லைப் போல.

சுஜா கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். பல்செட் தரையில் உருண்டு, வாய் பிளந்து, கட்டிலடியில் போய் நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை.

“அக்கா, நான் ஒரு காரியம் சொல்லணும்,” என்றாள் சுஜா, குரலைத் தாழ்த்தி. “மூணு வாரமா ஸாரைப் புரட்டிப் போட ரெண்டாள் வேண்டாம். நான் ஒற்றைக்குப் புரட்டுகேன். கனமே இல்ல. கரைசல் போகுது, கணக்குல கரெக்டாப் போகுது. ஆனா உள்ள எறங்குதா? எனக்குப் பேடியா இருக்கு, பயமா இருக்கு.”

விஷ்ணுப்ரியா போர்வையை விலக்கிப் பார்த்தாள். தினம் பார்க்கிற உடம்புதான். தினம் பார்ப்பதாலேயே பார்க்காமல் விட்டது. விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு கிண்ணமாகக் குழிந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் நானூறு மில்லி போயிருக்கிறது, பட்டியல் அப்படிச் சொல்கிறது. இந்த வயிற்றைப் பார்த்தால் நாள்கணக்கில் ஒன்றுமே போகாத மாதிரி இருக்கிறது. அப்படியானால் பட்டியலில் இன்றுதான் தலைகாட்டினாலும், இத்தனை நாளும் தன் அப்பாவின் சாப்பாட்டை வேறு ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. அவள் திறந்து வைத்த வழியில் வந்து, அவள் கொடுத்த பெயரில் உட்கார்ந்து. அப்பாவின் இடது கண் அவளைப் பார்த்தது. ஈரமாக இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். டிரைவர் கிரீஷ் சித்திரையில் வந்த அதே ஆள். தம்பானூரில் முட்டியளவு வெள்ளம், சுற்றித்தான் வரவேண்டும், ஒரு மணிநேரம் ஆகும், அதுவரை ஒன்றும் கொடுக்காமல் வைத்திருங்கள் என்றான். தெருமுனையில் நின்று வண்டியைக் கூட்டி வருகிறேன் என்று சுஜா குடையை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். அவளுக்கு வெளியே போகக் காரணம் வேண்டியிருந்தது. விஷ்ணுப்ரியாவுக்கு அது புரிந்தது, கோபம் வரவில்லை.

அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “யார் வாயில போட்டுத் துப்பினதோ, இந்தக் கண்றாவி மேல தெறிச்சாச்சு. தலையோட ஒரு சொம்பு விட்டுண்டு வந்துடறேன். இல்லேன்னா ஆஸ்பத்திரிக்கு எப்படி வரது?”

“அம்மா, இப்போ போகாதே.”

“அஞ்சு நிமிஷம்டி. நீ இருக்கியோல்லியோ?”

வீடு நீளம். குளியலறை கொல்லைக்கோடியில். அம்மாவின் காலடிச் சத்தம் மழைச்சத்தத்துக்குள் போய் மறைந்தது.

கூடத்தில் இப்போது அவளும் அப்பாவும். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டர் தொண்ணூற்றைந்து என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. ஒரு மணிநேரம் பிடித்து வைத்தால் போதும். ஒரே ஒரு மணிநேரம். விஷ்ணுப்ரியா பம்பின் வயரை ஹப்பிலிருந்து பிடுங்கினாள். பட்டியலில் ஊட்டு-1 மறைந்தது. ஊட்டு-2 மறையவில்லை. ஹப்பையே கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

ஊட்டு-2 மறையவில்லை. வேண்டிய கரண்ட், நானூறு.

எறிந்த ஹப் கவிழ்ந்து கிடந்தது. அதன் நாலாவது துளையிலிருந்து தரையில் மெதுவாக ஒரு கோடு வழிந்தது. சத்தமும் வந்தது. சின்னச் சத்தம். பல் இல்லாத கிழவாய் ஒன்று மாம்பழக் கொட்டையைச் சப்புகிற சத்தம். அவள் மழை என்று நினைக்கப் பார்த்தாள். மழை வெளியே தனியாகப் பெய்துகொண்டிருந்தது.

அப்போது பம்ப் ஓடத் தொடங்கியது.

வயர் இல்லை. கரண்ட் இல்லை. சக்கரம் சுற்றியது. அதுவும் பின்பக்கமாக. கரைசல் பையில், காலியாகத் தொங்கினதில், அடியில் ஏதோ பழுப்பாகத் தேங்கியது. மேலே ஏறியது. அப்பாவின் வயிற்றிலிருந்து. கரைசல் இல்லை அது. கரைசல் வெள்ளையாக இருக்கும்.

குழாயை இரண்டு விரலால் நசுக்கினாள். விரல்களுக்கு நடுவில் குழாய் புடைத்தது, சுருங்கியது, புடைத்தது. தொண்டை ஒன்று விழுங்குகிறதைப் பிடித்த மாதிரி. வெதுவெதுப்பு. அருவருப்பில் விரல் தானாக விட்டுவிட்டது. கிளிப்பைப் போட்டாள். தெறித்து விழுந்தது. பம்பிலிருந்தே குழாயைப் பிய்த்தாள். அறுந்த முனை காற்றில் ஆடிக்கொண்டு உறிஞ்சியது. அந்த முனை குவிந்தது, விரிந்தது.

தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று இரண்டு.

“அப்பா, ஒண்ணுமில்லேப்பா, இதோ, இதோ ஆச்சு.”

அவள் கீபோர்டுக்குத் தாவினாள். யோசனை தெளிவாக ஓடியது. பயத்தில் சிலருக்கு அப்படி ஓடும். வயரால் வரவில்லை அது. ஹப்பால் வரவில்லை. விதியால் வந்தது. யாரும் எடுக்கலாம், யாரும் போடலாம் என்று அவள் எழுதிவைத்தாளே, அந்த ஒரு வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியை மூடவேண்டும்.

முதலில் விதியை அழித்தாள். அழிந்தது. ஊட்டு-2 அங்கேயே இருந்தது. உள்ளே வந்துவிட்டதை விதி ஒன்றும் செய்யாது, சே, அது அவளுக்கே தெரியும். அந்தப் பெயரின் அனுமதியைத்தான் பிடுங்கவேண்டும். இந்தக் கம்ப்யூட்டரில் சொந்தக்காரர் இல்லாமல் எதுவும் இருக்க முடியாது. யாராவது ஒருவர் பெயரில் இருந்தே ஆகவேண்டும்.

தொண்ணூறு. ஆக்ஸிமீட்டர் கூவ ஆரம்பித்தது.

தட்டினாள். பொது ஜனத்துக்கு அனுமதி இல்லை. குழுவுக்கு அனுமதி இல்லை. எடுக்க, போட, ஒரே ஒருத்திக்கு மட்டும். சொந்தக்காரி: விஷ்ணுப்ரியா.

என்டர்.

பம்ப் நின்றது.

சக்கரம் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. குழாய் முனை துவண்டு தொங்கியது. சப்புகிற சத்தம் இல்லை. கூடத்தில் மழை மட்டும். ஆக்ஸிமீட்டர் கூவுவதை நிறுத்தி, தொண்ணூற்று ஒன்று என்றது. தொண்ணூற்று இரண்டு. விஷ்ணுப்ரியா நாற்காலியில் சரிந்து, வாய்விட்டு அழுதாள். சந்தோஷம்தான். “பிழைச்சோம்ப்பா,” என்றாள். கிட்டப் போய் அவர் நெற்றியைத் தடவினாள். சில்லென்று இருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. இடது கண் அவளைப் பார்த்தது. பிறகு அந்தக் கண் மெதுவாக அவள் முகத்திலிருந்து இறங்கி, அவள் கழுத்தில் போய் நின்றது.

நாக்கில் வெனிலா ருசி.

எச்சில் ஊறுகிறது என்று நினைத்தாள். பயந்தால் ஊறும். விழுங்கினாள்.

அது எச்சில் இல்லை. கெட்டியாக இருந்தது. வெதுவெதுப்பாக, புளிப்பாக, கொஞ்சம் உப்பாக. நாக்கின் அடியிலிருந்து ஊற்றுக்கண் மாதிரி பொங்கி வாய் நிரம்பியது. துப்பப் போனாள். உதடு திறக்கவில்லை. தொண்டை அவளைக் கேட்காமல் ஒருதரம் ஏறி இறங்கியது.

போர்வைக்கு மேலே அப்பாவின் வயிறு ஒரு விரற்கடை தாழ்ந்தது.

திரையைப் பார்த்தாள். ஊட்டு-2. சொந்தக்காரி விஷ்ணுப்ரியா. அனுமதி அவளுக்கு மட்டும். எல்லோருக்கும் திறந்திருந்தபோது அதற்கு ஏதோ ஒரு வாய் போதுமாக இருந்தது. மற்ற எல்லா வாயையும் அவளே மூடிவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.

மாற்றவேண்டும். யார் பெயருக்காவது மாற்றவேண்டும். யார் பெயருக்கு? அம்மா பெயருக்கா? சுஜா பெயருக்கா? கீபோர்டை நோக்கிக் கை நீட்டினாள். பசி. வாழ்நாளில் இப்படி ஒரு பசி அவளுக்கு எடுத்ததில்லை. நீட்டின கை பாதியில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டது, சாப்பாட்டுக்கு நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்வதற்காக.

விழுங்கினாள். தொண்ணூறு.

அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். இந்தத் தடவை திறந்தது. உள்ளிருந்து குரல் வரவில்லை. கொரகொரவென்று காற்றை இழுத்துக்கொண்டது. வாய் மறுபடி நிரம்பியது. இப்போது உள்ளே துண்டு துண்டாக இருந்தது. மெத்தென்று, வழுவழுப்பாக. மெல்லக் கூடாது என்று பல்லைக் கிட்டித்தாள்.

பல் மென்றது.

எண்பத்தாறு. ஆக்ஸிமீட்டர் விடாமல் கூவியது. தெருமுனையில் வேறொரு சைரன் கேட்டதோ இல்லையோ, மழையில் தெரியவில்லை. அப்பாவின் கன்னம் உள்ளே போயிற்று. தோள் உள்ளே போயிற்று. போர்வை ஒவ்வொரு விழுங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கையோடு படிந்துகொண்டே வந்தது. கண்ணீர் கொட்டியது அவளுக்கு. கண்ணால் கெஞ்சினாள். அவள் உடம்பில் அவள் சொல்வதைக் கேட்பது அந்தக் கண் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

எழுபத்தொன்று.

அப்பாவின் இடது கண் மூடவே இல்லை. அகலத் திறந்து, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கடைவாயில் பழுப்பாக ஒரு கோடு வழிந்தது. மோவாய்வரை இறங்குமுன் அவள் நாக்கு வெளியே வந்து, நிதானமாக, ஒரு சொட்டு விடாமல், அதை நக்கி உள்ளே இழுத்துக்கொண்டது.